முன்னூற்றுப் பன்னிரண்டாவது வாக்குமூலம்

பாலம் விழுந்ததைப் பற்றி முன்னூற்றுப் பதினோரு பேர் கொடுத்த வாக்குமூலங்களை, மொத்தம் நாலாயிரத்துச் சொச்சம் பக்கங்களை, பதிவறை மடிப்புக்காரர் ஒரே தீப்பெட்டிக்குள் மடித்து வைத்தார். அதில் ஓர் எழுத்துக்கூடக் கெடவில்லை. ஒவ்வொன்றும் மிளகளவு, சில கடுகளவு. வேண்டியதை எடுத்து உள்ளங்கையில் வைத்து வாயால் ஊதினால் காகிதம் சரசரவென்று விரியும். கையெழுத்து, அடித்துத் திருத்திய இடம், தேநீர் சிந்திய கறை எல்லாம் பழையபடி வந்து நிற்கும். விசாரணை ஆணையம் நடந்த கட்டடத்துக்கு மூன்று மாடி, மூன்றிலும் ஒழுகல், பதிவறைக்கு ஒதுக்கியதோ மாடிப்படிக்கு அடியில் இருந்த ஒரு பொந்து. அப்படியொரு ஆள் கிடைத்ததை அலுவலகத்தார் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. தட்டச்சு தெரிந்தவர் ஒருவர், மின்விசிறி பழுது பார்க்கத் தெரிந்தவர் ஒருவர், மடிக்கத் தெரிந்தவர் ஒருவர், அவ்வளவுதான்.

அவர் மடித்த விதத்தில் மந்திரம் ஒன்றும் கிடையாது. ஒரு வரியைப் படிப்பார், அடுத்த வரி என்னவாக இருக்கும் என்று முந்திக்கொண்டு மனதில் சொல்லுவார். நினைத்தது சரியாக இருந்தால் காகிதம் அந்த இடத்தில் தானாகவே மடியும். தப்பினால் அங்கே ஒரு சின்ன முடிச்சு நின்றுவிடும். முடிச்சு கூடக்கூட மிளகு பெருக்கும். 'உயர்திரு ஐயா அவர்களுக்கு' என்று ஒருவர் ஆரம்பித்தால் அடுத்து 'பணிவான வணக்கம்' வரப்போகிறது என்பது யாருக்குத்தான் தெரியாது? பாலத்து வாக்குமூலங்களும் அந்த ரகம்தான். பெருஞ்சத்தம் கேட்டது, திரும்பிப் பார்த்தேன், பாலத்தைக் காணோம். முன்னூற்றுப் பதினோரு பேரும் திரும்பித்தான் பார்த்திருந்தார்கள். இவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிடுவது ஏழாம் தெருவாசிகள் தெருவிளக்கு கேட்டு எழுதி, வழிதவறி ஆணையத்துக்கு வந்து சேர்ந்திருந்த பழைய மனு ஒன்று. முதல் எழுத்திலிருந்து 'இப்படிக்கு, தெருவாசிகள்' வரை அவர் நினைத்தபடியே இருந்தது. கையெழுத்துகூட ஊரில் எல்லோருடைய கையெழுத்தையும் போலத்தான். ஒரு முடிச்சு இல்லாமல் எள்ளளவுக்கு வழவழவென்று மடிந்த அந்த மனுவை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் எடுத்துக் காட்டுவார். கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது, மறைப்பானேன்.

அலுவலகக் கண்காணிப்பாளருக்கு ஆசை இன்னும் பெரிது. மடித்த மிளகையே திரும்பவும் மடித்தால் கடுகாகும், கடுகை மடித்தால் தூசியாகும், மொத்த ஆணையத்தையும் ஒரு தூசிக்குள் அடக்கிப் பெரிய அதிகாரிகளிடம் காட்டலாம் என்று கணக்குப் போட்டார். மடிப்புக்காரர் ஒரு மிளகை எடுத்து மறுபடி மடித்துப் பார்த்தார். அது பட்டாணி அளவுக்கு உப்பியது. "என்னய்யா இது, சின்னதாக்கச் சொன்னா பெருசாக்குற?" என்று கண்காணிப்பாளர் கடிந்துகொண்டார். அது முடியாது என்று தெரிந்த பிறகாவது விட்டிருக்கலாம். விடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை குறித்து, தலைமையகத்திலிருந்து நாலு பேரை அழைத்து, அவர்கள் முன்னால் எல்லா வாக்குமூலங்களையும் ஒரே தீப்பெட்டியில் காட்டிப் பாராட்டுப் பத்திரம் வாங்குவது என்று முடிவு செய்தார். மடிப்புக்காரரும் தலையாட்டினார். "நான் மடிக்க முடியாத காகிதம்னு ஒண்ணு இனிமே பொறந்து வந்தாத்தான் உண்டு" என்று அவர் சொன்னதைத் தேநீர்க்கடைக்காரர் உட்படப் பலர் கேட்டிருக்கிறார்கள்.

அதற்கு இரண்டு நாள் முன்பு, புதன்கிழமை, பாலக் காவலரின் மனைவி வந்து பன்னிரண்டு பக்கம் கொடுத்தார். பாலம் விழுந்ததில் பத்தொன்பது பேர் ஆற்றோடு போயிருந்தார்கள். பாரம் மிஞ்சிய லாரிகளைக் கண்டுகொள்ளாமல் விட்ட காவலர்தான் காரணம் என்று ஊர் ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டது. மனிதர் வேலை போய், வாசலுக்கு வர முடியாமல், உள்ளறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். உண்மையில் அவர் ஒவ்வொரு லாரியையும் நிறுத்தியிருக்கிறார், எண்ணையும் எடையையும் நோட்டில் எழுதியிருக்கிறார், மேலிடத்துக்குப் பதினான்கு கடிதம் போட்டிருக்கிறார்; 'விடவும்' என்று வாய்மொழியாகத்தான் பதில் வந்தது. நோட்டு, காவல் கொட்டகையோடு ஆற்றில் போய்விட்டது. அவர் எழுதியதை எழுதிய கையோடு மறந்துவிடும் ஆள். ஆனால் மாலையில் வீட்டுக்கு வந்ததும் அன்றைய லாரிகளை மனைவியிடம் ஒப்பிக்கும் வழக்கம் இருந்தது, அந்த அம்மாள் காதில் விழுந்தது எதுவும் வெளியே போகாது. மூன்று வருடத்து லாரிகள், ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம், எண், எடை, தேதி. பாலம் விழுந்த மறுவாரமே அம்மாள் உட்கார்ந்து பன்னிரண்டு பக்கத்தில் எழுதிவிட்டார். காவலரின் பெயரைக் காப்பாற்ற உலகத்தில் இருந்தது அந்தப் பன்னிரண்டு பக்கம் மட்டும்தான்.

மடிப்புக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு மடிக்க உட்கார்ந்தார். முதல் எண்ணில் நாலு என்று நினைத்தார், ஒன்பது இருந்தது. அடுத்ததில் ஒன்பது என்று நினைத்தார், பூஜ்யம் இருந்தது. ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் ஒட்டு இல்லை உறவு இல்லை. எந்த லாரிக்குப் பின்னால் எந்த லாரி வரும் என்று யார் சொல்வது? பக்கம் முழுக்க முடிச்சு. மதியம் வரை முட்டி மோதியும் பன்னிரண்டு பக்கம் பன்னிரண்டு பக்கமாகவே விறைத்துக்கொண்டு கிடந்தது. வியாழக்கிழமையும் அப்படியே. அதை மட்டும் ஒரு காகித உறையில் போட்டு அலமாரியில் வைத்திருக்கலாம், யார் என்ன சொல்லப்போகிறார்கள்? ஆனால் மறுநாள் நாலு பேர் வருகிறார்கள். கடைசியில் அவர் அந்தக் காகிதத்திடமே பொய் சொன்னார். ஒவ்வோர் எண்ணையும் பார்த்து, "ஆமா, இதத்தான் நானும் நெனச்சேன்" என்றார். ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் தடவை. காகிதம் பாவம், நம்பிவிட்டது. சத்தமில்லாமல் மடிந்து மடிந்து எள்ளளவுக்கு வழவழவென்று உருண்டு நின்றது. வெள்ளிக்கிழமை பாராட்டுப் பத்திரம் கிடைத்தது, கண்ணாடிச் சட்டம் போட்டதாகவே கொடுத்தார்கள்.

நாற்பது நாள் கழித்து அந்த வாக்குமூலம் விசாரணைக்கு வந்தது. கூடம் நிறைய ஆட்கள். மடிப்புக்காரர் முன்னால் வந்து எள்ளை உள்ளங்கையில் வைத்து ஊதினார். ஒரே ஒரு பக்கம் விரிந்தது. ஆணையர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "என்னம்மா இது? தெருவிளக்கு எரியலைன்னு எழுதியிருக்கீங்க?"

"இல்லீங்கய்யா, நான் லாரி நம்பர் எழுதிக் குடுத்தேன். பன்னெண்டு பக்கம்."

"நகல் வெச்சிருக்கீங்களா?"

"அரசாங்கத்துக்கிட்டதானே குடுத்தேன், பத்திரமா இருக்கும்னு நெனச்சேன்."

இதற்குக் கூடம் சிரித்தது. ஆணையர் மடிப்புக்காரரைப் பார்த்தார். அவர், "அந்தம்மா குடுத்தது இதாங்க ஐயா. ஒரு பக்கம்தான்" என்றார். அம்மாளிடம் இருந்த ரசீதில் 'மனு ஒன்று பெறப்பட்டது' என்று மட்டும் இருந்ததால் மேற்கொண்டு பேச எதுவும் இல்லை. புருஷன் பத்தொன்பது பேரை ஆற்றில் விட்டதைப் பற்றிக் கேட்டால் பெண்டாட்டி தெருவிளக்கு கேட்கிறாள் என்று ஊர் ஒரு வாரம் பேசியது. காய்கறிக் கடையில் அந்த அம்மாளுக்குத் 'தெருவிளக்கு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். யாரோ ஒரு புண்ணியவான் அவர்கள் வீட்டு வாசலில் உடைந்த டார்ச் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டுப் போனான். இதையெல்லாம் இப்போது நினைத்தால் ஊருக்கே கூச்சமாகத்தான் இருக்க வேண்டும்.

மடிப்புக்காரரின் மனைவிக்கு அண்ணன் ஒருவர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவர் விஷயம் கேள்விப்பட்டு வந்து, யார்மேலும் குற்றம் சொல்லாமல், பொதுவாகப் பேசுகிறவர் போலப் பேசினார். "மாப்ளே, பத்து வீட்டுக்கு ஒம்போது தினுசு சாவிதான் செய்ய முடியும்னா, ஏதோ ஒரு சாவி ரெண்டு வீட்டைத் தொறக்கும். பெரிய காகிதம் கோடிக்கணக்குல இருக்கு. எள்ளு அத்தனை தினுசு இல்ல. எல்லாத்தையும் மடிச்சுக் காட்டுறேன்னு ஒருத்தன் கெளம்பினா, எங்கயாவது ஒருத்தர் வீட்டைத் தொலைச்சாத்தான் முடியும். ஒரு காகிதத்துல நாம எதிர்பார்க்காதது எவ்வளவு இருக்கோ, அதுதான் அதோட நெசமான எடை. அதுக்குக் கீழ குண்டுமணி அளவுகூடக் கொறைக்க முடியாது." மடிப்புக்காரர், "அந்தம்மா குடுத்தது அதான் மச்சான், ஒரு பக்கம்தான்" என்றார். வாத்தியார் தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த மாதத்திலிருந்து மடிப்புக்காரர் சிறுத்துப்போக ஆரம்பித்தார். தெருவில் யார் எதைக் கேட்டாலும், கேட்காவிட்டாலும், "அந்தம்மா குடுத்தது அதான், ஒரு பக்கம்தான்" என்பார். அவர் வாயைத் திறப்பதற்குள் எதிரே நிற்பவருக்கு அது தெரிந்திருக்கும். அப்படி ஒவ்வொரு தடவை தெரியும்போதும் அவர் ஒரு நூலளவு குறைந்தார். மாதத்துக்கு ஒரு விரற்கடை என்று தையற்காரர் அளந்து சொன்னார். ஆள் மெலியவில்லை, நோயும் இல்லை, எல்லா அங்கமும் அதனதன் கணக்கில் குறைந்தது. அலுவலகத்தில் நாற்காலிக்கு முதலில் ஒரு கோப்பு, பிறகு இரண்டு, பிறகு ஒரு மரப்பெட்டி போட்டார்கள். பேருந்து நடத்துநர் அரை டிக்கெட் கொடுக்கலாமா என்று மேலதிகாரிக்கு எழுதிக் கேட்டார். மனைவி கால்சட்டையை வெட்டித் தைத்தார், சட்டையை வெட்டித் தைத்தார், இரண்டாவது வருடம் ஒருநாள் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "இன்னும் எவ்வளவு வெட்டணும்னு நீங்களே சொல்லிடுங்க, ஒரேயடியா வெட்டிடுறேன். எனக்கும் மானம்னு ஒண்ணு இருக்கு" என்று அழுதார். அதற்கும் அவரிடம் அதே பதில்தான் இருந்தது. அன்று இரண்டு விரற்கடை குறைந்தார்.

இரண்டு முழம் நாலு விரற்கடையில் குறைவது நின்றது. ஒரு வருடம் அப்படியே நின்றது. அவர் என்னவோ எப்போதும்போல அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். இதற்குக் கீழே ஏன் போகவில்லை என்று மனைவி அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டார். வாத்தியார் தரையில் உட்கார்ந்து, தங்கை புருஷனின் முகத்துக்கு நேராகக் குனிந்து பார்த்தார். "உங்கிட்ட யாராலயும் ஊகிக்க முடியாதது ஏதோ இன்னும் இருக்கு மாப்ளே. என்னன்னு எனக்குத் தெரியாது. ஒருவேளை நாளைக்குக் காலைல எந்திரிச்சுப் போய் உண்மையைச் சொல்லிட்டாலும் சொல்லிடுவ. மாட்டன்னும் சொல்ல முடியல, சொல்லுவன்னும் சொல்ல முடியல. அது உள்ள இருக்கிற வரைக்கும் உன்னை இதுக்கு மேல மடிக்க முடியாது." மடிப்புக்காரர் வாயைத் திறந்தார். வழக்கமான வார்த்தை வரவில்லை. துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு விம்மினார்.

ஆணையங்களுக்கு ஆயுள் கெட்டி என்பதால் அது இன்னும் நடந்துகொண்டுதான் இருந்தது. மறுநாள் காலை அவர் கூடத்துக்குப் போய் நாற்காலிமேல் ஏறி நின்றார். ஒலிவாங்கி எட்டவில்லை, சேவகர் அதை வளைத்துப் பிடித்துக்கொண்டார். "நான் பொய் சொன்னேன் ஐயா. அந்தம்மா பன்னெண்டு பக்கம் குடுத்தாங்க. எல்லாம் லாரி நம்பர். மடியாததை நான் வம்பு பண்ணி மடிச்சேன். அதுல தெருவிளக்கு மனு வந்துடுச்சு. மாட்டிக்குவேன்னு பயந்து மாத்திச் சொன்னேன்." ஒரு நிமிடத்தில் முடிந்தது. "அப்ப அந்தப் பன்னெண்டு பக்கம் இப்ப எங்க?" என்றார் ஆணையர். "எங்கயும் இல்லீங்க ஐயா." கூடம் இந்தத் தடவை சிரிக்கவில்லை. அவரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள், பாராட்டுப் பத்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். கண்காணிப்பாளர் தனக்கு மடிப்பைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்று எழுதிக் கொடுத்தார். ஜாக்கிரதைக்காக மீதி மிளகுகளையெல்லாம் ஊதி விரித்ததில் காகிதம் பொந்தை நிறைத்து, மாடிப்படி ஏறி, இரண்டாம் மாடிச் சன்னல் வழியாக வெளியே பிதுங்கியது. வாக்குமூலம் திரும்ப எழுதித் தரப்பட்டால் பரிசீலிக்கப்படும் என்று காவலரின் மனைவிக்கு ஒரு கடிதம் போனது.

அன்று மாலையே மடிப்புக்காரர் ஒரு கட்டுத் தாளும் பேனாவுமாக அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றார். அந்த அம்மாள் கதவைத் திறந்து, நேராகப் பார்த்து, யாரும் இல்லை என்று சாத்தப்போய், பிறகு கீழே பார்த்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை, கதவைச் சாத்தவும் இல்லை. அவர் உள்ளே போய் ஒரு மூலையில் உட்கார்ந்து, "நீங்க சொல்லுங்கம்மா, நான் எழுதுறேன்" என்றார்.

"அப்ப வரிசையா மனசுல நின்னுச்சு. நாலு வருஷமாச்சு. இப்ப வெறும் நம்பரை மட்டும் கேட்டா வரமாட்டேங்குது" என்றார் அம்மாள். "அன்னிக்குச் சாயங்காலம் இவர் எப்ப வந்தார், செருப்பை எங்க விட்டார், என்ன பேசினோம், எதுக்குச் சண்டை போட்டோம், எல்லாம் மொதல்லேர்ந்து வந்தாத்தான் அதோட நம்பரும் வரும்."

அப்படியானால் அப்படித்தான். குறுக்கு வழி இருக்கிறதா என்று மடிப்புக்காரர் கேட்கவில்லை. கேட்கும் தகுதி போய்விட்டதென்று அவருக்கே தெரிந்திருந்தது. அந்த மூன்று வருடத்தில், விடுமுறை போக, காவலர் பாலத்தில் நின்றது தொள்ளாயிரத்து நாற்பத்தொரு நாள். எழுதி முடிக்கத் தொள்ளாயிரத்து நாற்பத்தொரு மாலை ஆனது, ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. அம்மாள் காய் நறுக்கிக்கொண்டே ஒரு பழைய மாலையை ஆரம்பிப்பார். காவலர் சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருப்பார், பல நாள் கழித்து, "அன்னிக்கு மழை" என்று முதல் தடவை வாயைத் திறந்தார். சண்டை வந்த மாலைகளில் திரும்பவும் அதே சண்டை வந்தது, பேசாமல் இருந்த மாலைகளில் பேசாமல் இருந்தார்கள். எண் வாயில் வரும் நேரத்தில் அந்த எண் லாரி வாசலில் உறுமிக்கொண்டு போகும். அந்தத் தெருவுக்குள் லாரி நுழைய இடமே கிடையாது. அக்கம்பக்கத்தார் முதலில் எட்டிப் பார்த்தார்கள், பிறகு ஆறு மணிக்குத் துணி உலர்த்துவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள், புழுதி படிகிறதாம். மடிப்புக்காரர் இரண்டு கையாலும் பேனாவைப் பிடித்து எழுதினார். அடுத்த எண் என்னவாக இருக்கும் என்று ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை.

பன்னிரண்டு பக்கம் ஆணையத்துக்குப் போனது. சாலையின் மறுகோடியில் இருந்த எடைமேடைப் பதிவேட்டோடு வைத்துப் பார்த்தார்கள், ஒன்று விடாமல் ஒத்துப்போனது. அந்தப் பதிவேடு இத்தனை வருடமும் அங்கேயேதான் இருந்திருக்கிறது. எந்த லாரி என்று தெரியாமல் யாரும் புரட்டவில்லை. அந்த லாரிகளின் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு விசாரித்ததில் 'விடவும்' என்று சொன்னவர்கள் யார் என்பது வெளியே வந்தது. காவலர்மேல் குற்றமில்லை என்று செய்தித்தாளின் எட்டாம் பக்கத்தில் மூலையில் போட்டார்கள். அவர் வாசலுக்கு வந்தார், தெருமுனை வரை நடந்தார், திரும்பி வந்தார். காய்கறிக் கடைக்காரர் எழுந்து நின்று வணக்கம் சொல்லிவிட்டு, வேறு என்ன செய்வது என்று தெரியாமல் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஆறு மணிக்கு மடிப்புக்காரர் எப்போதும்போல வந்து நின்றார். "எழுத வேண்டியதெல்லாம் முடிஞ்சுதே, எதுக்கு வந்தீங்க?" என்றார் அம்மாள்.

"என்னை மன்னிச்சிடுங்கம்மா."

"இதைச் சொல்லவா வந்தீங்க? நீங்க படியில கால் வைக்கும்போதே இதத்தான் சொல்லப்போறீங்கன்னு எனக்குத் தெரியும். இதுல என்ன இருக்கு? எனக்குத் தெரியாதது ஏதாவது இருந்தா சொல்லுங்க."

மடிப்புக்காரர் உள்ளே போய்த் தன் பழைய மூலையில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார். அது தெருவிளக்கு மனுவாகிவிட்டது என்று கூடத்தில்தான் தெரிந்தது என்பது போலப் பேசினேன், அது பொய். மடித்த அன்று இரவே பூதக்கண்ணாடியில் இரண்டு எள்ளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், வித்தியாசமே இல்லை. அதற்குப் பிறகு நாற்பது நாள் இருந்தது. உங்களுக்கு எல்லாம் வரிசையாக மனசில் நின்ற காலம். நான் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரே நாளில் திரும்ப எழுதியிருப்பீர்கள். ஒருநாள் உங்கள் தெருமுனை வரைக்கும் வந்தேன். வந்து, திரும்பிப் போய்விட்டேன். அப்புறம் அன்றைக்குக் கூடத்தில், நகல் இருக்கா என்று கேட்டதற்கு நீங்கள் பதில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். நான் உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன், உங்களுக்குத் தெரிந்திருக்காது. நானும் சிரித்தேன்.

அம்மாள் காய் நறுக்குவதை நிறுத்தினார். காவலர் சுவரை விட்டுத் திரும்பி அந்தச் சின்ன மனிதரைப் பார்த்தார். அம்மாள், "இன்னும் இருக்கா?" என்றார்.

"இருக்கும்மா."

"அப்ப நாளைக்கு வாங்க."

அவர் இன்றைக்கும் போகிறார். வளரவில்லை, குறையவும் இல்லை. அந்த வீட்டைத் தாண்டிப் போகிறவர்களுக்கு ஆறு மணிக்கு அவர் குரலும், நடுநடுவே அம்மாள் "ம்" கொட்டுவதும் கேட்கும். அவர்கள் வீட்டுப் படி கொஞ்சம் உயரம், அவருக்குக் கால் எட்டுவதில்லை என்று காவலர் இரண்டு செங்கல்லைக் கொண்டுவந்து படிக்குக் கீழே போட்டு வைத்திருக்கிறார்.